மேல் பலகை

ஃபின்லாந்து ஏரிக்கரையில், மூன்று ஆண்கள் பிறந்த மேனியாக நீராவிக் குடிலில் உட்கார்ந்திருக்கிறார்கள். மேல் பலகையில் அமைச்சருக்கு வலப்பக்கம் எப்போதும் எண்ணெய் வியாபாரி ஓலவியின் இடம். அவன் கப்பல் கப்பலாக சோவியத் எண்ணெய் வாங்கியதும், அமைச்சர் வாய்விட்டுச் சொல்ல முடியாத சேதிகளை மாஸ்கோ உளவாளிகளின் காதில் போட்டதும் அங்கே உட்கார்ந்துதான். இன்று அந்த இடத்தில் தாப்பியோ குனிந்திருக்கிறான்; ஓலவி இடப்பக்கம். ஓலவியிடம் தொழில் கற்றுத் தனியே போனவன். அமைச்சரே பிர்ச் மர இலைக்கொத்தால் அவன் முதுகில் இதமாக அடித்துவிடுகிறார். ஈர இலை மணம் குடிலை நிறைக்கிறது. “மாஸ்கோக்காரங்க உன்னைத்தான் விசாரிக்கிறாங்கப்பா,” என்கிறார் தாப்பியோவிடம். ஓலவி அகப்பையில் தண்ணீர் மொண்டு கனலும் கற்களில் ஊற்றுகிறான். ஆவி சீறிக் கூரையில் முட்டி, தோள்களில் இறங்குகிறது. “என்ன தம்பி, கீழ்ப் பலகைல சூடு கம்மி, காலியாத்தான் கெடக்கு.” “நீங்க பழக்கின உடம்புண்ணே, தாங்கும்.” முதலில் இறங்குபவன் தோற்றவன், அது மூவருக்கும் தெரியும். ஓலவி மறுபடி ஊற்றுகிறான், மறுபடியும். காது மடல் எரிகிறது, தாப்பியோ அசையவில்லை. “அட பாவி, கொல்லப் பாக்கிறியா?” என்று எழுந்து தள்ளாடுபவர் அமைச்சர். தாப்பியோ பாய்ந்து அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போகிறான். கதவு சாத்திக்கொள்கிறது. சின்ன ஜன்னலில் மாலை வெயில், ஏரித் தண்ணீரில் இரண்டு தலைகள், சிரிப்பு. மேல் பலகையில் ஓலவி மட்டும் ஜெயித்து உட்கார்ந்திருக்கிறான். கிடக்கும் இலைக்கொத்தை எடுத்துத் தானே வீசி அடித்துக்கொள்கிறான். நடுமுதுகுக்கு எட்டவில்லை.