பத்து மணிப் போன்

சரியாகப் பத்து மணிக்குப் போன் அடித்தது. வீட்டில் தனியாக இருப்பவர்களைத் தினமும் விசாரிக்க வேண்டும் என்று, கொள்ளைநோய்க் காலத்தில் நகராட்சி ஆரம்பித்து வைத்த வழக்கம் அது.

“காய்ச்சல் இருக்கா?”

“இல்லை.”

“இருமல்?”

“வேண்டாத ஆள் வந்தா மட்டும் வரும்.”

“வாசனை தெரியுதா?”

“பக்கத்து வீட்டுல வெங்காயம் வதக்கறது நல்லாத் தெரியுது. சாப்பிடக் கூப்பிடத்தான் மாட்டேங்கறாங்க. தினமும் இதையே கேக்கணுமா?”

“படிவத்துல இருக்கே. பேச்சுத் துணைக்கு ஆள் இருக்கா?”



“அவ போனதுக்கப்புறம் யாரு இருக்கா? யோவ் பாத்திரக்கடை, நோய் ஒழிஞ்சு அஞ்சு வருஷம் ஆச்சு. நானும் நகராட்சியிலேருந்து ரிட்டயர் ஆயிட்டேன். இன்னும் எதுக்குய்யா என்னைப் போட்டு வாட்டறே?”

“கடை பூட்டிக் கிடந்தப்போ, ஆளை விடுங்க சார்னு நானும்தான் கெஞ்சினேன். ஆபீஸ்லேருந்து ஒரு நாளாவது கூப்பிடாம விட்டீங்களா? அஞ்சு கேள்வியும் எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு.”

ரிட்டயரான குமாஸ்தா சிரித்துவிட்டார்.

“சரி சார், கடைசிக் கேள்வி. ஏதாவது தேவைப்படுதா?”

“நாளைக்கும் மறக்காமக் கூப்பிடு.”

“அதுவும் படிவத்துல இருக்கு சார்.”