வேலிச் சந்து

சொல்ல வேண்டியதைத் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்பதுதான் மாரக்காளின் பயம். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பஸ்ஸில் டிக்கெட் கேட்பதைக்கூட மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள்.

அதனால் விஷயத்தை முதலில் தன் செவலை மாட்டிடம் சொல்லிப் பார்த்தாள். அந்தப் பேச்சில் திருட்டுப்போனது ஒரு சாக்குதான். பக்கத்து வீட்டு வேலாத்தாளிடம் சொன்னபோது இரண்டு சாக்கு ஆனது. லைன் வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கும் செல்வக்குமார் வீட்டு வாசலில் போய் நின்றபோது வாய் தன்பாட்டுக்கு, "மூட்டை மூட்டையாப் போகுது கண்ணு!" என்றது.

"எதுங்க்கா போகுது?"

"என்ர கொறங்காட்டுப் புல்லு! உன்ர லைன் ஊட்டுல குடியிருக்கறாளே ராக்கம்மா, அந்தத் தெக்கத்திக்காரி, அவதான். விடிஞ்சும் விடியாம சாக்கோட காட்டுக்குள்ள குனிஞ்சுட்டுக் கெடக்கறா."

"நீங்க பாத்தீங்களா?"

"இந்த ரெண்டு கண்ணால!"

"கையும் களவுமாப் புடிச்சாத்தானுங்க்கா பேச முடியும். நாளைக்கு நானே வாறேன். நெசமா இருந்தா அன்னைக்கே ஊட்டைக் காலி பண்ணச் சொல்லிப்போடறேன்."

வீட்டைக் காலி பண்ணுவதுவரை போகும் என்று மாரக்காள் நினைத்துப் பார்க்கவில்லை. ராக்கம்மாளுக்குப் பள்ளிக்கூடம் போகிற பெண் பிள்ளைகள். படிப்பு நடக்கும்போது பாதியில் எங்கே போய் வீடு தேடுவாள்?

ஆனால் புல்லையும் பார்க்க வேண்டுமே. கொறங்காடு என்பது மேய்ச்சலுக்கென்றே விட்ட காடு. சுற்றிலும் கிளுவை முள்வேலி, குறுக்கே ஒரு வேலி. ஒரு பாதியில் மாடு மேயும்போது மறுபாதியின் படலைச் சாத்திவிடுவாள் மாரக்காள். கொழுக்கட்டைப் புல் கதிர் விட்டு, விதை உதிரும்வரை ஒரு வாயும் உள்ளே போகக் கூடாது. விதை விழாவிட்டால் அடுத்த மழைக்கு மண்தான் முளைக்கும். அப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்த பாதியை, நிறைமாதமாக நிற்கும் செவலைக்காக இந்த வாரம் திறப்பதாக இருந்தாள்.

முன்பெல்லாம் தொல்லை ராக்கம்மாளின் வெள்ளாடு. வேலிச் சந்தில் புகுந்து புகுந்து மேய்ந்தது. மாரக்காளும் விடவில்லை, சந்தை அடைத்தாள். போன மாதம் அந்த ஆடு திடீரென்று செத்துப்போனது. "அடப் பாவமே!" என்றது வாய். "புல்லு தப்பிச்சுது" என்றது மனசு. மனசு அப்படிச் சொன்னதற்குப் பயந்து அவினாசிக் கோயிலுக்கு ஒரு நடை போய்க் கும்பிட்டுவிட்டும் வந்தாள்.

இப்போது ஆடே இல்லாதவளுக்குப் புல் எதற்கு? விற்கத்தான்! இதைக் கண்டுபிடித்தபோது மாரக்காளுக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்தது. மேலே படித்திருந்தால் போலீஸ் வேலைக்கே போயிருக்கலாம். கம்பெனியில் உட்கார்ந்து பனியனுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

மறுநாள் வெளுக்கும்போது செல்வக்குமாரும் அவளும் வேலா மரத்துக்குப் பின்னால் நின்றார்கள்.

ராக்கம்மாள் வந்தாள். படலைத் திறந்தாள். உள்ளே போய், மறக்காமல் சாத்தினாள்.

"பாத்தியா கண்ணு, திருட்டுலயும் ஒரு ஒழுங்கு!"

"செத்த சும்மா இருங்க்கா."

ராக்கம்மாள் குனிந்தாள். புல்லை விலக்கி விலக்கி எதையோ எடுத்துச் சாக்கில் போட்டாள். மாரக்காளால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "புடிச்சாச்சு!" என்று ஓடினாள். செல்வக்குமார் சாக்கை வாங்கித் தலைகீழாகக் கொட்டினான்.

ஒரு புல்கூட இல்லை. ஊதாவும் மஞ்சளுமாகப் பனியன் துணிக் கிழிசல்கள்.

"இதென்ன?"

"வையாதீக அண்ணே," என்றாள் ராக்கம்மாள். "என் ஆடு செத்துச்சுல்ல, டாக்டரு வயித்தக் கீறி இந்தத் துணியத்தான் பந்து பந்தா எடுத்தாரு. அதுலருந்து இந்தப் பக்கம் வாரப்பல்லாம் பாக்குறேன், புல்லுக்குள்ள பூராம் கெடக்கு. அக்கா மாடு சினையா நிக்கிது. தொறந்து விட்டா புல்லோட சேத்து இதையும் மேஞ்சிரும்ல? அதான் கம்பெனிக்குக் கெளம்புறதுக்கு முன்ன கொஞ்சங் கொஞ்சமாப் பொறுக்குறேன்."

"அக்காகிட்டச் சொல்லியிருக்கலாமல்ல?"

"சொன்னா பயந்துருவாக. அவுக காக்கா கத்துனாலே பயப்படுறவுக."

செல்வக்குமாருக்குக் கோபம் ஏறியது. "மேய்ச்சக் காட்டுல வேஸ்ட்டைக் கொண்டாந்து போட்டவன் எவன்? ஆளைச் சொல்லும்மா. நானே பஞ்சாயத்துல நிறுத்தறேன். செத்த ஆட்டுக்கும் அவன்தான் பதில் சொல்லோணும்."

ராக்கம்மாளின் பார்வை மெதுவாகக் கிளுவை வேலிக்குப் போனது. தன் ஆடு புகுந்துகொண்டிருந்த சந்தில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மாரக்காளின் முகத்துக்கு வந்தது.

மாரக்காள் முகத்தைத் திருப்பி வேலா மரத்தைப் பார்த்தாள்.

"யாரும் போட்டிருக்க மாட்டாகண்ணே," என்றாள் ராக்கம்மாள். "காத்துல வந்திருக்கும்."

"ஆமா கண்ணு, இந்த வருசம் காத்து கொஞ்சம் சாஸ்திதான்," என்ற மாரக்காள், ஒவ்வோர் அடியாகப் பின்னால் நகர்ந்து வேலியோரம் போய், கம்பெனியிலிருந்து அள்ளிவந்து தன் கையாலேயே சந்தில் திணித்திருந்த ஊதாத் துணி மூட்டையை முந்தானையால் மறைத்தபடி நின்றுகொண்டாள்.