கரடிக்குச் சவுரி

கன்னிவாடி நல்லுசாமிக்குத் தலையில் ஒரு முடி கூடக் கிடையாது. அதற்காக அவர் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. ஆனால் கூடத்தில் நிற்கும் கரடிக்கு முடி கொட்ட ஆரம்பித்ததும் மனிதர் சோறு தண்ணி மறந்துவிட்டார்.

சும்மாவா? அவருடைய தாத்தா ஒற்றை ஈட்டியால் குத்திச் சாய்த்து, பாடம் செய்து நிறுத்திய கரடி அது. அன்றிலிருந்து ஊரில் அவர்களுக்குக் 'கரடியடிச்சான் வீடு' என்றுதான் பேர். மகள் தீபாவுக்கு எரியோடு ஊரில் சம்பந்தம் அமைந்ததே அந்தப் பேரால்தான். வெள்ளிக்கிழமை நிச்சயம். மாப்பிள்ளையின் அப்பா முத்துக்கிருஷ்ணன், கரடியோடு நின்று போட்டோ எடுக்கவேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்துவிட்டார்.

மனைவி பெருமாயி கரிசலாங்கண்ணித் தைலம் காய்ச்சிக் கரடிக்குத் தேய்த்துவிட்டாள். இருந்த முடியும் கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது.

கடைசியில் திண்டுக்கல்லில் சவுரி கட்டி விற்கும் கிளாராவைக் கூட்டிவந்தார்கள். பழனியில் மொட்டை போட்ட முடியை அவள் மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கினாள். சாயம் ஏற்றி, நீளம் பார்த்து நறுக்கி, வயிற்றிலிருந்து முதுகு நோக்கி வரிசை வரிசையாகப் பசை வைத்து ஒட்டினாள்.

"மேலயிருந்து ஒட்டுனா ஆகாதாம்மா?" என்றார் நல்லுசாமி.

"ஓடு வேயுறப்ப கீழயிருந்துதானண்ணே வேயுறாக? அப்பத்தான் ஒட்டு தெரியாது."

நாலே நாளில் கரடி புது மாப்பிள்ளையாகிவிட்டது. நல்லுசாமி கூத்தாடாத குறைதான். கிளாராவுக்கும் பெருமை தாங்கவில்லை. 'முன்பு, பின்பு' என்று கரடியின் இரண்டு படங்களைக் கடை ஸ்டேட்டஸில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் மாப்பிள்ளை வீட்டாரை முந்திக்கொண்டு வனத்துறை ஜீப் வந்து நின்றது.

"வீட்டுக்குள்ள கரடி வச்சிருக்கீங்களாமே, லைசென்ஸ் இருக்கா?" என்றார் ரேஞ்சர் மோகன்குமார்.

தாத்தா காலத்திலிருந்து கரடிக்கு மாலை வாங்கிப் போட்டிருக்கிறார்களே தவிர, காகிதம் எதுவும் வாங்கி வைத்ததில்லை.

"இல்லேன்னா ஏழு வருஷம் வரைக்கும் உள்ள போகணும், தெரியுமில்ல?"

"ஐயோ சார், இது நிசக் கரடி இல்ல! வெறும் பொம்மை! கிளாரா, நீயே சொல்லும்மா!"

கரடிக்குக் கடைசியாக ஒரு சீவு சீவிக்கொண்டிருந்த கிளாரா, கழுத்துச் சிலுவையைக் கையால் மறைத்துக்கொண்டாள். "ஆமா சார், அம்புட்டும் சவுரிதான்!"

ரேஞ்சர் ஒரு முடியைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தார். மனித முடிதான். ஆனாலும் அவர் விடுவதாக இல்லை. முடியை விலக்கித் தோலைத் தடவினார். நகத்தைச் சுரண்டினார். வாய்க்குள் டார்ச் அடித்தார். பிறகு கத்தியை எடுத்து வயிற்றுத் தையலைப் பிரித்தார். நல்லுசாமி கண்ணை இறுக மூடிக்கொண்டு, கன்னிவாடியில் உள்ள அத்தனை சாமிக்கும் ஆளுக்கொரு கிடாய் நேர்ந்துகொண்டார்.

ரேஞ்சர் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்டுத்தான் கண்ணைத் திறந்தார்.

"ஐயா, நீங்க சொன்னது நெசந்தான்! தோலு கறுப்பு வெள்ளாட்டுத் தோலு. நகம் எருமைக் கொம்பு. பல்லு மரத்துல செதுக்கினது. உள்ள பூரா வைக்கோல். பழைய தையல், எழுபது வருஷமாச்சும் இருக்கும். உங்க தாத்தா கரடியைத் தூரத்துல இருந்துகூடப் பாத்திருக்க மாட்டாரு போல. கேஸே இல்ல, நான் வாரேன்."

பெருமாயி ஆனந்தத்தில் சூடம் ஏற்ற ஓடினாள். நல்லுசாமி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். பயம் போன இடத்தில் 'கரடியடிச்சான் வீடு' என்ற பேர் வந்து உட்கார்ந்துகொண்டது.

அதே நேரம் வாசலில் இரண்டு வேன்கள் வந்து நின்றன. தாம்பூலத் தட்டுகளோடு இறங்கிய முத்துக்கிருஷ்ணன், ஜீப்பைப் பார்த்துவிட்டு, வெளியே வந்த ரேஞ்சரை மறித்தார்.

"என்ன சார், ஏதும் பிரச்சினையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லங்க. இவுங்க வீட்டுக் கரடி இருக்கில்ல, அது வந்து..." ரேஞ்சருக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது.

நல்லுசாமி பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாய்ந்து, ஜீப்பின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்: "எங்க தாத்தா குத்திக் கொன்ன கரடிதான் சார், ஒத்துக்கிறேன், என்னையக் கைது பண்ணுங்க!"