இரண்டு பாட்டில் கீரைச் சாறு

இதில் ஒரு சிரிப்பு இருக்கிறது. ஆனால் உடனே கேட்டால் கிடைக்காது. டெய்லர் முதலில் கத்தி முடிக்கட்டும்.

"கத்தரி கால்ல விழுந்து ரத்தம் வருது. அதுகூடத் தெரியாம நீ பாட்டுக்குத் துணி வெட்டிக்கிட்டு நிக்கிற."

கட்டிங் மாஸ்டர் குனிந்து பார்த்தார். "மரத்துப் போச்சுண்ணே. முழங்கால் வரைக்கும் ஏறிடுச்சு."

"ஏறாம என்ன செய்யும்? நான் சொன்ன கீரைச் சாறைக் குடிச்சியா?"

"ரெண்டு மாசமா தினமும் குடிக்கிறேன். உங்க பேச்சைக் கேட்டு டாக்டர் ஊசியைக்கூட நிறுத்திட்டேன்."

"பொய் சொல்லாதே. குடிச்சிருந்தா என்னை மாதிரி ஆகியிருப்பே."

டெய்லருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கறி, முட்டை, பால் எல்லாவற்றையும் விட்டு ஆறு வருஷம் ஆனவர் அவர். போன வருஷம் விரல் நுனி மரத்து, ஊசியில் நூல் கோக்க முடியாமல் தவித்தார். வாடிக்கையாளர் முகம்கூட மறந்துபோனது. அப்போது பார்த்த டாக்டரை இன்றைக்கும் மூக்கால் பேசிக் காட்டுவார்.

"'பி-டுவெல்வ் கொறைஞ்சு போச்சுங்க. கீரையில அது கெடையாதுங்க. நரம்பு மேல இருக்கிற உறை தேஞ்சிடும், வயர் மேல பிளாஸ்டிக் உரிஞ்ச மாதிரி. மாத்திரை போடுங்க.' யாருகிட்ட? சீட்டை வீட்டுல வீசிட்டு வெறும் சாறுதான் குடிச்சேன். மூணே மாசம். இப்பப் பாரு."

ஒரே குத்தில் நூலைக் கோத்துக் காட்டினார்.

"எனக்கும் அதே பி-டுவெல்வ் கொறைதான், எங்க வீட்டுலயும் அதே கீரைதாண்ணே," என்றார் கட்டிங் மாஸ்டர். "நிக்கவே பயமா இருக்கு. கால் போச்சுன்னா என் பொழப்பும் போச்சு."

"உன் வீட்டுல அரைக்கத் தெரியலை. இரு."

ஊருக்கே கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு மனைவியைக் கூப்பிட்டார்.

"நாளையிலேருந்து ரெண்டு பாட்டில் சாறு குடு. ஒண்ணு நம்ம கட்டிங் மாஸ்டருக்கு. ஊசி வேண்டாம்னு நான்தான் நிறுத்தச் சொல்லிட்டேன்."

"நிறுத்தச் சொன்னீங்களா? உங்களுக்கு அறிவிருக்கா?"

இருபது வருஷத்தில் அவள் இப்படிச் சீறியதில்லை.

"இப்பவே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. வேற வேலை எல்லாம் அப்புறம்."

"எதுக்கு? எனக்குச் சாறுலயே சரியாகலையா? அதையே அவனுக்கும் குடு."

"குடுக்கிறேன். அவரோட டாக்டர் சீட்டை வாங்கிட்டு வாங்க."

"கீரை அரைக்கச் சீட்டு எதுக்கு?"



காலில் துணி சுற்றிக்கொண்டிருந்த கட்டிங் மாஸ்டருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

டெய்லர் அவரைப் பார்த்தார். ஃபோனைப் பார்த்தார். ஸ்பீக்கரை அணைத்தார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்:

"ஒரு பாட்டிலுக்கு எத்தனை மாத்திரைடி போட்டே?"