மூடியைச் சுற்றி வெள்ளை

"ஒரு பாட்டிலைச் சாக்கடையில கொட்டறதுக்கு மூணு லெட்டரா? ரெண்டு எழுத்து படிச்சுட்டா இப்படித்தான் பயந்து சாவீங்களா?"

கல்லூரி மேனேஜர் லேப் வாசலிலிருந்தே ஆரம்பித்தார். லேப் உதவியாளராக வேலை பார்க்கும் அந்தப் பெண்தான் அவள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. அதை அவர் வாரம் ஒருமுறையாவது அவளுக்கு ஞாபகப்படுத்துவார்.

"அது ஆறு வருஷத்துப் பழைய ஈதர் சார். பாதி எடுத்துட்டு அப்படியே வெச்சிட்டாங்க. காத்து பட்டுப் பட்டு உள்ள பெராக்சைடு உண்டாயிருக்கும். மூடியைச் சுத்தி வெள்ளையாப் படிகம் கட்டியிருக்கு. திருகினா அந்த உரசலே போதும், வெடிச்சிடும்."

"நீயா திருகப்போற? அட்டெண்டர் திருகுவா. நாளைக்குப் பெற்றோருங்க லேப் பார்க்க வர்றாங்க. இன்னிக்கே காலியாகணும்."

தொட்டியில் பீக்கர் கழுவிக்கொண்டிருந்த அட்டெண்டர் அக்காவின் கை நின்றது.

"அக்காவுக்கும் ரெண்டு கைதான் சார் இருக்கு."

"வாய் மட்டும் நல்லா வளர்ந்திருக்கு. வெடிபொருள் எடுக்கற ஆளுங்க வந்து எறங்கினா அட்மிஷன் அவ்வளவுதான். அவங்களைக் கூப்பிடற லெட்டர்ல கையெழுத்து போட மாட்டேன், போ. எங்க அந்தப் பாட்டில்?"

மேசைமேல் ஒரு பழுப்பு பாட்டில் இருந்தது. அவள் பதில் சொல்வதற்குள் இடது கையால் லபக்கென்று தூக்கினார். எதைக் கண்டாலும் தூக்கி, வெளிச்சத்தில் குலுக்கிப் பார்ப்பது அவர் வழக்கம்.

"அசையாதீங்க சார்."

அவள் கத்தவில்லை. அதனாலேயே அவர் கை தோள் உயரத்தில் அப்படியே நின்றுவிட்டது. மூடி விளிம்பிலிருந்த வெள்ளைத் துகளில் ஒன்று உதிர்ந்து அவர் சட்டைக் கையில் விழுந்தது.

"கீழ வெச்சிடறேன்..."

"மேசையில லேசா இடிச்சாலும் போச்சு."

"அப்ப என்னம்மா பண்றது?"

இதுவரை அவளை அவர் 'அம்மா' போட்டுக் கூப்பிட்டதில்லை.

"அதுக்குன்னு பயிற்சி எடுத்தவங்க வரணும். உங்க கையெழுத்து இல்லாம வர மாட்டாங்க."

"கொண்டா, கொண்டா."

அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கடிதம் செருகிய அட்டையை நீட்டிப் பிடித்தாள். மேனேஜரின் மூக்கு நுனியில் வியர்வை திரண்டது.

"தும்மிடாதீங்க ஐயா. எனக்கு ரெண்டு பொண்ணுங்க."

"எனக்கும்தான் பிள்ளைங்க இருக்கு," என்று முனகியபடி கோணல்மாணலாகக் கையெழுத்திட்டார்.

அவள் கடிதத்தைப் படமெடுத்து அனுப்பினாள். போனில் பேசினாள். "அரை மணி நேரத்துல வந்துடுவாங்க."

"அரை மணி நேரமா?"

"மெதுவா என்கிட்ட குடுங்க சார். நீங்க போய் எல்லாரையும் மைதானத்துக்கு அனுப்புங்க."

கொடுத்தார். வாங்குவது யார் கை என்று பார்க்கவில்லை. கதவு வரை பூனை மாதிரி நடந்தவர், வராந்தாவில் தலைதெறிக்க ஓடினார்.

நீண்ட மணி அடித்தது. மாடிப்படிகளில் காலடிகள் தடதடத்து ஓய்ந்தன.

அவள் தொட்டியருகே போய் மூடியைச் சரக்கென்று திருகி, பாட்டிலிலிருந்த குழாய்த் தண்ணீரைக் கவிழ்த்தாள்.

"உப்பு கொஞ்சம் அதிகமாத் தடவிட்டேனோன்னு பதறிட்டே இருந்தேன்மா," என்றாள் அக்கா.

"அளவாத்தான்க்கா இருந்துச்சு. வாங்க, நாமளும் ஓடுவோம். நிஜப் பாட்டில் ஸ்டோர் ரூம்லதான் இருக்கு."