பதின்மூன்றாவது அளவு

ஃபோர்ட்ரான் மொழி நிரல்களில் உள்ள நீளம் மாறும் பட்டியல்களை, பிழை தேட உதவும் மென்பொருளான டீபக்கர் தவறாகக் காட்டியது. அதைச் சரிசெய்வதுதான் நாவலூர் அலுவலகத்தில் ஆஃபியாவின் வேலை. சோதனைக்கு அடையாற்றின் அந்த மாதத் தினசரி நீர்மட்டத்தை எடுத்துக்கொண்டாள். அன்று தேதி பன்னிரண்டு. கோப்பிலும் பன்னிரண்டு அளவுகள்தான். டீபக்கர் பதின்மூன்று காட்டியது. கடைசி எண் 1.83.

"மெமரில கிடக்கிற குப்பை அது, விடு" என்றான் பக்கத்து இருக்கை தீனா.

மறுநாள் ஆற்றில் 1.83 மீட்டர். டீபக்கரில் இப்போது பதினான்கு அளவுகள்.

மதியம் பிழை அகப்பட்டது, ஒரே வரி. திருத்தியதும் பட்டியல் இன்றோடு நின்றது. திருத்தத்தை அனுப்புமுன் ஒருமுறை பழையபடி மாற்றிப் பார்த்தாள். நாளைக்கு 6.40 மீட்டர்.

அனகாபுத்தூர் ஆற்றங்கரை வீட்டுக்குப் போன் செய்தாள். "உம்மா, அரிசியெல்லாம் மாடிக்கு ஏத்திடுங்க."

"வெயிலு கொளுத்துது, என்னடி ஆச்சு உனக்கு?"

ஆஃபியா அந்தத் திருத்தத்தை இன்றுவரை அனுப்பவில்லை.