ஓங்கிச் சாத்தும் கதவு

முன்பெல்லாம் என் பழைய கார் யார்டுக்கு ஆட்கள் ஸ்பேனரோடு வருவார்கள். வேண்டிய பாகத்தை அவர்களே கழற்றிக்கொண்டு போவார்கள். இப்போது வண்டிகள் தம்மைத் தாமே பழுது பார்த்துக்கொள்கின்றன. போதாததற்கு, உள்ளே பேசுவதையும் ஒட்டுக்கேட்டு, குரல் உயர்ந்தால் இன்சூரன்ஸ் கட்டணத்தை ஏற்றிவிடுகின்றன. வீடுகளும் அப்படித்தான். அதனால் சண்டை போட வேண்டிய தம்பதிகள் என்னிடம் வருகிறார்கள். செத்த காருக்குக் காது கிடையாது. அவற்றை அரை மணி நேர வாடகைக்கு விடுவதில் என் பிழைப்பு நன்றாகவே ஓடுகிறது.

நேற்று அதிசயமாக ஒருவர் ஸ்பேனரோடு வந்தார். பெயர் தணிகாசலம்.

"காபிக் கடை தொறக்கிறேன்க்கா. செவுத்துல மாட்ட அந்தச் செவப்புக் கார் கதவு வேணும்."

"உள்ள ஆள் இருக்காங்க. கொஞ்சம் இருங்க."

காருக்குள் ஒரு பெண் புருஷனைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். பிறகு இறங்கிக் கதவைப் படாரென்று சாத்தினாள். யார்டே அதிர்ந்தது. புது வண்டிகளில் அது நடக்காது. கதவு தானாகப் பூப்போல மூடிக்கொள்ளும். கொஞ்ச தூரம் நடந்தவள் நின்றாள். புருஷன் ஓடிப்போய் அவள் கைப்பையை வாங்கிக்கொண்டான். இருவரும் சேர்ந்தே வெளியே போனார்கள்.

தணிகாசலம் அந்தக் கதவைத் திறந்து, ஓங்கிச் சாத்திப் பார்த்தார். இன்னொரு முறையும் சாத்தினார்.

"கழட்டிக்கிறீங்களா?" என்றேன்.

அவர் ஸ்பேனரைப் பைக்குள் போட்டார்.

"வேணாங்க்கா. நாளைக்கு வீட்டுக்காரியக் கூட்டிட்டு வரேன். அரை மணி நேரம் போதுமா?"

"கல்யாணமாகி எத்தினி வருஷம்?"

"இருபத்திரெண்டு."

"அப்ப காலையிலயே வந்துடுங்க."